சாலைக்கு முதுகு காட்டிய நிழற்குடை

நம் ஊர் நிழற்குடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். உங்களுக்கும் நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் படம் வந்திருக்கும். பச்சை வண்ணம் அடித்து, முன்னால் கம்பிக் கதவு மாட்டி, உள்ளே கண்ணாடிப் பெட்டி வைத்து, வெளியே கறுப்புக் கல்லில் பொன்னெழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே நீங்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தீர்கள். ‘பழைய ஞாபகமெல்லாம் வருது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் வந்தது. வந்ததை எழுதுகிறேன். அந்தக் கல்வெட்டைப் படித்த நாள் முதல் எனக்கு எரிச்சல். போன வாரம் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூருக்குப் போய்விட்டவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையை அகலப்படுத்தி மேம்பாலம் கட்டியபோது அரசு பஸ் நிறுத்தத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். பழைய நிழற்குடை சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் தனியாக நின்றது. இடித்துவிடுவார்கள் என்று பேச்சு வந்ததும் ஊரில் ஒரு குழு கிளம்பியது. இடிக்கவிடாமல் காப்பாற்றினார்கள். அதுவரை சரி. காப்பாற்றியதோடு விட்டிருக்கலாம்.

கல்வெட்டில் இப்படி இருக்கிறது: ‘நம் ஊர்ப் பெண்கள் முதன்முதலில் கம்பெனி வேலைக்குப் புறப்பட்ட இடம். அவர்களின் பாதுகாப்பையும் கண்ணியத்தையும் கருதி, சாலையைப் பாராமல் கிழக்கு நோக்கி இதை அமைத்த பெருந்தகையின் தொலைநோக்கை ஊரார் போற்றுகிறோம்.’

தொலைநோக்காம். அதற்குள் உட்கார்ந்தால் பத்தடி தூரத்தில் நிற்கிற பஸ் தெரியாது. ஞாபகம் இருக்கிறதல்லவா? நம் ஊரில் சாலை வடக்கிலிருந்து தெற்கே போகிறது. வடக்கே கர்நாடக எல்லைப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ் கிழக்கு ஓரத்தில் நிற்கும். அந்த ஓரத்தில் நிழற்குடை கட்டினால் அது மேற்கே, சாலையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். பர்கூர்ப் பக்கம் கல்குவாரி வைத்திருந்த நம் ஊர்க்காரர், தன் அப்பாவின் நினைவாக அதைக் கட்டித் தந்தார். அந்த அப்பா வாழ்நாளில் ஒரு பஸ்ஸில்கூட ஏறாதவர், எங்கு போனாலும் மாட்டு வண்டிதான். செத்தவர் பேரில் கட்டுவது மேற்கு பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குவாரிக்காரர் கட்டடத்தை அப்படியே திருப்பிவிட்டார். திறந்த பக்கம் ஏரியைப் பார்த்தது. சாலைக்கு முதுகு. மேஸ்திரிகூடக் கேட்டிருக்கிறார்: “பஸ்சு ஏரியிலயா வரும்?” அந்தக் கேலி ஒரு மாதம் ஊரில் ஓடியது. பிறகு எல்லாரும் பழகிவிட்டார்கள். எதற்கும் பழகிவிடுவதுதானே நம் ஊர் வழக்கம்.

ஊர்ப் பெண்கள் முதன்முதலில் வேலைக்குப் போன அந்தக் கார்த்திகை மார்கழியில் எனக்கு ஒன்பது வயது. சித்திக்குப் பத்தொன்பது. அம்மாவின் தங்கை, பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீட்டில் இருந்தாள். பத்தாவது முடித்தவள். தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன மின்சாதனப் பாகங்களைப் பொருத்தும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுத்தபோது, நம் ஊரிலிருந்து ஆறு பெண்கள் தேறினார்கள். அதில் சித்தியும் ஒருத்தி.

ஊர்ப் பெரியவர்கள் ஒரு வாரம் யோசித்தார்கள். போகலாம், ஆனால் ரோட்டில் நிற்கக் கூடாது என்றார்கள். எதிர்ப்பக்கம் டீக்கடை, எந்நேரமும் பத்து ஆண்கள். ஆகவே பஸ் வரும்வரை நிழற்குடைக்குள் இருக்க வேண்டும், பஸ் வந்ததும் வெளியே வந்து ஏறிவிட வேண்டும். அதற்கு மேல் எங்கள் பெரியப்பா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: “தனியா அனுப்பாதீங்க. தொணைக்கு ஒரு ஆளு போவட்டும்.” அந்த ஆள் நான். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஒன்பது வயதுப் பெண் காவல். இதை யாரும் அன்று வேடிக்கையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவோம். பனி நம் ஊரில் எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி இருக்கிற இடமே தெரியாது. நிழற்குடைக்குள் உட்கார ஒரு கருங்கல் பலகை. ஏற்றுமதிக்கு ஆகாதென்று ஒதுக்கிய கல், ஒரு பக்கம் மட்டும் மெருகேற்றியது. அதில் உட்கார்ந்தால் குளிர் முதுகெலும்பு வரை ஏறும். ஆறு பேரும் உட்கார மாட்டார்கள். முதலில் செருப்பு மாற்ற வேண்டும்.

கம்பெனியில் கறுப்பு ஷூ கொடுத்திருந்தார்கள். ஷூ போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க ஒருத்திக்கும் தைரியம் இல்லை. துணிப்பையில் சுருட்டிக் கொண்டுவந்து, நிழற்குடைக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஆறு ஜோடி செருப்பும் கல்பலகைக்கு அடியில் வரிசையாக நாள் முழுக்கக் கிடக்கும். சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, காலையில் புறப்பட்டதுபோலவே வீட்டுக்குப் போவார்கள். ஒரு செருப்பும் திருடு போனதில்லை.

பூவும் அப்படித்தான். தலையில் பூ இல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இதழ் விழும் என்று பூவோடு உள்ளே விட மாட்டோம் என்பது கம்பெனிச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் என் தலை. பஸ் வரும் முன் ஆளுக்கொரு ரோஜாவைப் பிடுங்கி என் பின்னலில் சொருகிவிடுவார்கள். ஆறு ரோஜாவோடு பள்ளிக்கூடம் போவேன். “என்னாடி, தேரா நீ?” என்று டீச்சர் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. உங்களில் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் தெரியும்.

அந்த நாலு சுவருக்குள், மூன்றுதான், நாலாவது பக்கம் ஏரி, அவர்கள் பேசியதுபோல் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் நடப்பதை ஒருத்தி நடந்து காட்டுவாள். தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி தெலுங்கில் திட்ட, சித்தி கன்னடத்தில் பதில் சொல்ல, பேக்கிங்கில் இருந்த அக்கா தமிழில் தீர்ப்பு சொல்வார். யாரும் பார்க்க முடியாத இடம். அதற்காக அந்தக் கட்டடத்தைப் பாராட்டத்தான் வேண்டும் என்றால், பாராட்டுகிறேன். குவாரிக்காரர் அதை நினைத்துக் கட்டவில்லை.

சங்கடம் பஸ்தான். உள்ளே இருந்தால் பஸ் தெரியாது. வெளியே வந்தால் டீக்கடை. சின்னப் பிள்ளை என்று என்னையும் லாரி ஓடும் ரோட்டில் நிற்க விட மாட்டாள் சித்தி. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் லாரியும் அதே சத்தம்தான் போடும். டிரைவர் கன்னடக்காரர், அவசரக்காரர். ஓரத்தில் ஆள் தெரிந்தால் நிறுத்துவார். தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதோடு சரி. முதல் வாரத்தில் ஆறு பேரும் இரண்டு முறை பஸ்சை விட்டுவிட்டார்கள்.

பேக்கிங் அக்கா ஒருநாள் கம்பெனியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார். வடக்குச் சுவரில், சாலையோர மூலையிலிருந்து இரண்டாவது செங்கல். தரையிலிருந்து என் கழுத்துயரம். நாலு காலை வேலை செய்து அதைச் சுற்றியிருந்த காரையைச் சுரண்டினார்கள். ஐந்தாம் நாள் செங்கல் முழுதாகக் கையோடு வந்தது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் புளியமரத்து வளைவு தெரியும். பஸ் வளைவில் திரும்பும்போது பார்த்துவிட்டால், ஷூ கயிற்றைக்கூட நிதானமாகக் கட்டிக்கொண்டு வெளியே போகலாம்.

ஓட்டையில் கண் வைப்பது என் வேலை. குளிர்காற்று கண்ணில் நேராக அடிக்கும், நீர் வழியும். வலது கண் வலித்தால் இடது கண். செங்கலைக் கையில் ஏந்திக்கொண்டிருப்பேன். “வருது” என்று சொன்னால் ஆறு பேரும் எழுந்து, சேலையைச் சரிசெய்து, மகாராணிகள் மாதிரி நடந்து போவார்கள். “பேக பன்னி, பேக பன்னி” என்று சீக்கிரம் வரச் சொல்லி டிரைவர் கத்துவார். யாரும் வேகமாகப் போக மாட்டார்கள். பஸ் போன பிறகு செங்கலைப் பழையபடி செருகி, மேலே கொஞ்சம் மண்ணைப் பூசிவிட்டு நான் வீட்டுக்குப் போவேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மார்கழி நடுவில் குவாரிக்காரருடைய அப்பாவின் திதி வந்தது. பஸ் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். ஜீப்பில் வந்தார். அப்பாவின் பெயர் வெட்டியிருந்த கல்லுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்தார். கெட்டவர் இல்லை அவர், அழுதார். அப்புறம் என்னைப் பார்த்து, “பாப்பா, எங்கப்பா கட்டடம் எப்பிடி இருக்குது? கெட்டியா இருக்குதா?” என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் என்னைக் கேட்கிறார். “எல்லாம் கெட்டியா இருக்குதுங்க. இந்தக் கல்லு மட்டும் வெளிய வரும்” என்று செங்கலை உருவிக் காட்டினேன்.

அவர் சிரித்தார். என் தலையைத் தடவி, பூஜை வாழைப்பழம் இரண்டு கொடுத்தார். “நல்ல புள்ள. நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியாமயே போயிருக்கும்” என்றார். மறுநாள் மத்தியானம் மேஸ்திரி வந்து, செங்கலை உள்ளே வைத்து, சிமெண்ட் போட்டு அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார். அப்பா பேரில் கட்டியதில் ஓட்டை இருக்கலாமா? அவருடைய நியாயம் அவருக்கு.

அன்று சாயங்காலம் இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த காலை ஆறு பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றார்கள். “யாருடி காட்டிக்குடுத்தது?” என்றார் பேக்கிங் அக்கா. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் செருப்பு வரிசையைப் பார்த்தேன்.

அன்று பனி அதிகம். சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். சத்தம் வந்தது, ஓடினார்கள், லாரி. திரும்ப ஓடினார்கள், கற்களோடு இன்னொரு லாரி. எதிரே டீக்கடையில், “அந்த வண்டியிலயே ஏறிக்குங்கம்மா, அவனும் அங்கதான் போறான்” என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை சத்தம் கேட்டபோது யாரும் அசையவில்லை. ஹாரன் அடிக்கட்டும், போகலாம் என்றார் பேக்கிங் அக்கா. அது பஸ். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. ஓரத்தில் ஆள் இல்லை. வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், கிளம்பிவிட்டார்.

முதலில் ஓடியவள் சித்தி. பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் அறைந்துகொண்டே ஓடினாள். படிக்கம்பியைப் பிடித்துவிட்டாள். ஈரத் தாரில் புது ஷூ வழுக்கியது. பஸ் நின்றபோது சித்தி ரோட்டில் கிடந்தாள். இடது முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அந்தக் கையைப் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டில் நடந்த விசாரணை முழுக்க என் காதில் விழுந்தது. “பொண்ணு ஓடலாமா?” என்றார் பெரியப்பா. “ஷூ போட்டதாலதான் வழுக்குச்சு” என்றாள் அம்மா. “அவ்ளோ அவசரமா அந்த வேலைக்கு?” என்றார் அப்பா. ஷூ, ஓட்டம், அவசரம், டிரைவர், பனி என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டார்கள். சுவரின் மேல் யாரும் போடவில்லை. ரோட்டில் நிற்கக் கூடாது என்று தாங்களே சொன்னதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கை குணமானதும் வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அனுப்பவில்லை. பங்குனியில் அத்திப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மற்ற ஐந்து பேரும் தொடர்ந்து வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குத் துணை தேவைப்படவில்லை. விபத்துக்குப் பிறகு ரோட்டிலேயே நிற்க அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு கை உடைந்த பிறகு வரும் அனுமதி. சித்தியின் செருப்பு மட்டும் கல்பலகைக்கு அடியில் வெகுநாள் கிடந்தது. நீல வார், குதிகால் தேய்ந்தது. பள்ளிக்கூடம் போகும்போது எட்டிப் பார்ப்பேன். எடுக்கத் தைரியம் இல்லை. ஒருநாள் அதுவும் இல்லை.

போன வாரத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது. டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறாள். முதல் ஷிப்ட் பஸ் ஆறு பத்துக்கு வரும். எங்கே நிற்கும்? அதே இடத்தில், நினைவுச் சின்னத்தின் முதுகுப் பக்கம். நம் பகுதிப் பெண்கள் ஒன்பது பேர் அங்கே ஏறுகிறார்கள். உள்ளே நிற்க முடியாது, பூட்டு. சுவரை ஒட்டி நிற்கவும் முடியாது. அழகுக்காகச் சிமெண்ட் தொட்டிகள் வைத்து, குரோட்டன்ஸ் நட்டு, சங்கிலி கட்டியிருக்கிறார்கள். செடிகளுக்கு இடம் விட்டுப் பிள்ளைகள் தாரில் நிற்கிறார்கள்.

நான் தினமும் கூடப் போகிறேன். “அம்மா, நான் என்ன சின்னப் பொண்ணா? எல்லாரும் சிரிக்கிறாங்க” என்று அவளுக்குக் கோபம். பத்தடி தள்ளி, தெரியாதவள் மாதிரி நிற்பேன். போன செவ்வாய்க்கிழமை கண்டெய்னர் லாரி ஒன்று, சுற்றிப்போக அலுத்துக்கொண்டு, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வந்தது. பெண்கள் ஒதுங்கினார்கள். ஒதுங்க இடம் இருந்தால்தானே? லாரியின் பக்கவாட்டுக் கொக்கி ஒன்று என் மகளின் பை வாரில் மாட்டியது. நாலைந்து அடி இழுத்துப் போனது. வார் அறுந்தது; அவள் தொட்டியின் மேல் விழுந்தாள். பை சக்கரத்துக்கு அடியில் போனது. டிபன் பாக்ஸ் தகடாகிக் கிடந்தது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தியதாகச் சொல்கிறார்கள். அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல, சிராய்ப்புதான். இன்னிக்கு லீவு போட்டா டிரெயினிங் ஒரு மாசம் தள்ளிப் போயிடும்” என்று சொல்லி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே குழுத் தலைவரைப் பார்க்கப் போனேன். குவாரிக்காரரின் மகன்தான். நம்மோடு ஐந்தாவது படித்தவன்.

“ஏம்ப்பா, அந்தக் கதவத் தொறந்து விட்டா புள்ளைங்க உள்ள நிக்குமில்ல?”

“தொறந்து விட்டா என்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? எச்சி துப்புவானுங்க, பாட்டில் ஒடைப்பானுங்க. அது நினைவுச் சின்னம்மா.”

“பஸ் ஸ்டாப்புதானே?”

“பஸ் ஸ்டாப்பா இருந்துச்சு. இப்ப இல்ல.”

“பஸ்சு இன்னும் அங்கதாம்ப்பா நிக்குது.”

“அது கம்பெனி பஸ்சு. அது எங்க வேணா நிக்கும்.”

“அன்னைக்கும் கம்பெனி பஸ்சுதாம்ப்பா நின்னுச்சு. கவர்ன்மெண்ட் பஸ்சு ரோட்டு நடுவுல நின்னு ஏத்திக்கினு போயிடும். நீ கண்ணாடிப் பெட்டியில கண்டக்டர் பைய வச்சிருக்கற.”

“அது ஒரு அழகுக்கு.” கொஞ்சம் யோசித்து, பெரிய மனது பண்ணிச் சொன்னான்: “ஞாயித்துக்கிழமை பத்து மணியிலருந்து பன்னண்டு வரைக்கும் தொறந்துதான் வைக்கிறோம். புள்ளைங்கள வந்து பாக்கச் சொல்லு.”

தொட்டிகளையாவது எடு என்றேன். நன்கொடையாக வந்தவை, எடுத்தால் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்றான். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உனக்கெதுக்கு ஊர் வம்பு? நான் வேணா தெனமும் பைக்குல கொண்டுபோய் விட்டுட்டு வரன்” என்றார். மற்ற எட்டுப் பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது என்று கேட்டேன்.

சித்திக்குப் போன் செய்தேன். அவளுக்கு அறுபது ஆகிறது. ரோஜாத் தோட்டம் வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டாள். இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. தண்ணீர்க் குடத்தை எப்போதும் வலது இடுப்பில்தான் வைப்பாள். லாரி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தவள், சொல்லி முடித்ததும் நிறுத்த முடியாமல், வாழைப்பழம் வரைக்கும் சொல்லிவிட்டேன். “நான்தான் சித்தி காட்டினேன். அந்தக் கல்ல உருவி நான்தான் காட்டினேன்.” அழுதுகொண்டே சொன்னேன். ஐம்பது வயதில்.

தோட்டத்தில் மோட்டார் ஓடுவது கேட்டது.

“நாப்பது வருசமா இதையா வச்சிருந்த?” என்றாள் சித்தி. அவள் குரலில் கோபம் இருந்தது. அது என் மேலா, அந்த நாற்பது வருடத்தின் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டாள்: “அது கெடக்கட்டும். இப்ப அந்தக் கல்லு எப்பிடி இருக்குது? தொறந்தா, மூடியா?”

“மூடிதான் இருக்குது.”

“அப்பறம் என்னாத்துக்கு எனக்குப் போன் பண்ணி அழுவுற?”

வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டுக்காரரின் கருவிப்பெட்டியிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். வடக்குச் சுவர், சாலையோர மூலையிலிருந்து இரண்டாவது செங்கல். அன்று என் கழுத்துயரம், இன்று இடுப்புயரம். பச்சை வண்ணத்துக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே அந்த மார்கழிச் சுண்ணாம்பு. டீக்கடை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. வாசலில் நின்ற ஆண்கள் டீயைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். “கரண்டு வேலையாக்கா?” என்றான் ஒருவன். “ஆமா” என்றேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் ஆனது. மேஸ்திரி சிமெண்டைத் தாராளமாகப் போட்டிருந்தார். செங்கல் ஒரு மூலை உடைந்து வெளியே வந்தது. அதன் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் கீறிய பள்ளங்கள் அப்படியே இருந்தன. துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். பிறகு தலைவருக்கு நானே போன் செய்தேன்.

“உன் நினைவுச் சின்னத்துல ஓட்டை போட்டது நான்தான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குச் சாவியோட வா. உள்ள இருந்து எவ்ளோ தெரியுதுன்னு பாத்துட்டு என்னா பண்ணணுமோ பண்ணு.”

வந்தான். இன்று காலை, ஸ்வெட்டரும் மப்ளருமாக, முகமெல்லாம் கோபத்தோடு வந்தான். பெண்கள் ஒன்பது பேரும் தாரில் நின்றுகொண்டிருந்தார்கள், தூறல். சேதத்தை உள்ளிருந்து படம் எடுத்து, வாட்ஸப் குழுவில் போட்டு, என்மேல் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தான். கம்பிக் கதவை இழுத்துவிட்டு உள்ளே போனான். தூறல் வலுத்தது. ஒரு பெண் அவன் பின்னாலேயே உள்ளே போனாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும். ஒருத்தி துப்பட்டாவால் கல்பலகைத் தூசியைத் துடைத்தாள். “ஐயோ, ஐஸ் மாதிரி இருக்குதுடி” என்றாள் உட்கார்ந்தவள். கண்ணாடிப் பெட்டியில் கண்டக்டர் பையைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஏம்மா, இது...” என்று ஆரம்பித்தான் தலைவன். ஒன்பது பேருக்கும் நடுவில் அவனுக்குப் படம் எடுக்க இடம் இல்லை. வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான்.

“மேஸ்திரிக்குச் சொல்லிட்டன். மத்தியானம் வந்து அடைச்சிடுவாரு.”

“அடைக்கட்டும். செங்கல் எங்க வீட்டுல இருக்குது. உளியும் இருக்குது.”

அவன் பூட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். மத்தியானம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கமிட்டி கூடும், நீங்களும் உங்கள் பங்குக்கு எதையாவது எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்தக் கல்வெட்டில் சித்தியின் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உள்ளே என் மகள் குனிந்து ஓட்டையில் கண் வைத்தாள். முழங்கால் கட்டு நனைந்திருந்தது. புளியமரம் இப்போது இல்லை.

“பாலம் எறங்குற எடம் வரைக்கும் தெரியுதும்மா” என்றாள். என்னை அம்மா என்று அவர்கள் எதிரில் கூப்பிட்டது இன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, சத்தம் போடாமல், “வருது” என்றாள்.

ஒன்பது பேரும் எழுந்தார்கள். ஒருத்தி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். மற்றவர்கள் அவளுக்காக நின்றார்கள். “தேங்க்ஸ் அங்கிள்” என்று தலைவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள் கடைசிப் பெண். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

யாரும் ஓடவில்லை.